பீட் வெட்டிய நிலத்தில் சாம்பல் போட்டு மரம் வளர்க்கலாமா?

பூர்ச்சநிழல்: பின்லாந்தில் எரிபொருளுக்காகப் பீட் வெட்டுவது 2021 வாக்கில் சட்டென்று சரிந்தது. எரிக்கும்போது வெளிவரும் கரியமில வாயுவுக்காக வாங்க வேண்டிய கார்பன் உரிமத்தின் விலை ஏறியதுதான் முக்கியக் காரணம். சதுப்பில் பாசி முழுதாக மக்காமல் சேர்ந்த அந்தக் கரிமண்ணை வழித்தெடுத்த நிலங்கள் இப்போது கறுப்பாக, மொட்டையாகக் கிடக்கின்றன. அதில் மரச்சாம்பல் போட்டு பிர்ச், பைன் மரங்களை வளர்க்கலாம் என்கிறேன். பீட்டில் தழைச்சத்து ஏராளம். மணிச்சத்தும் சாம்பல் சத்தும்தான் பற்றாக்குறை. விறகு எரியும்போது தழைச்சத்து போய்விடும், மற்ற இரண்டும் சாம்பலில் தங்கும். ஜாடிக்கேற்ற மூடி! பொட்டாசியத்துக்கு நம் விவசாயிகள் வைத்த பெயரே சாம்பல் சத்துதானே.

ஈரநிலத்தான்: சத்துக் கணக்கு சரி. கார்பன் கணக்கு? மரம் வளர வாய்க்கால் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். காற்று புகுந்தால் மிச்ச பீட் மக்கி, கரியமில வாயுவாகப் போய்விடும். ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டு ஆகும் பொருள் அது. வாய்க்காலை அடைத்துவிடுங்கள், பாசி வரட்டும்.

பூர்ச்சநிழல்: அடைத்தால் மீத்தேன் வரும், அதுவும் புவியைச் சூடாக்கும் வாயுதான், அதையும் கணக்கில் எழுதுங்கள். பின்லாந்தில் முஹோஸ் பக்கம் லெப்பினியெமியில் 1947இல் போட்ட சாம்பலுக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் மரம் பலன் காட்டியது.

ஈரநிலத்தான்: அது வடித்த சதுப்பு, பீட் வெட்டிய நிலம் இல்லை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

கொதிகலன்காரர்: நடுவில் ஒரு வார்த்தை. எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. பீட்டையும் மரச்சில்லையும் கலந்து எரித்த கொதிகலனின் சாம்பலில் பொட்டாசியம் குறைவு. மரச்சாம்பலிலும் காட்மியம் என்ற நச்சு உலோகம் உண்டு, அதனால் சோதிக்காமல் இறக்கக் கூடாது. தூளாகத் தூவினால் காற்றோடு போகும், பாசியையும் பொசுக்கும். குருணையாக்கி ஹெக்டேருக்கு 3 முதல் 5 டன் போடுவதுதான் வழக்கம்.

பூர்ச்சநிழல்: சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வதும் எல்லா நிலத்துக்கும் இல்லை. பம்பு வைத்து வடித்த பள்ளத்தை விட்டுவிடலாம். பீட் ஒரு முழத்துக்கும் குறைவாக மிஞ்சிய மேட்டை மட்டும் பேசுவோம். அங்கே வேர் பீட்டுக்குக் கீழே இருக்கும் சத்துள்ள அடிமண்ணைத் தொட்டுவிடும்.

ஈரநிலத்தான்: வேர் அடிமண்ணைத் தொட்டால் சாம்பல் எதற்கு?

பூர்ச்சநிழல்: தொடும் வரைக்கும்தான். வெறும் பீட்டில் முளைத்த கன்றைப் பனிக்காலத்தில் மண் உறைந்து வேரோடு மேலே தள்ளிவிடும். சாம்பல் விழுந்த இடத்தில் பிர்ச் விதை தானாக வந்து நெருக்கமாக முளைத்து, சீக்கிரம் வேர் பிடிக்கிறது. நாற்றுச் செலவும் மிச்சம்.

ஈரநிலத்தான்: அப்படியானால் தலைப்பில் 'பீட் மெலிந்த மேட்டு நிலத்தில்' என்று சேருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பள்ளத்தில் ஒரு மூட்டைகூட இறக்க விடமாட்டேன்.