பதில்: ‘சிரை அணுகல்’ வேண்டாமே

வணக்கமுங்க.

மருந்து ஏற்ற சிரைக்குள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) வழி ஏற்படுத்துவதை ஆங்கிலத்தில் ‘venous access’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘சிரை அணுகல்’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். அது கலைச்சொல் பட்டியலில் ஏறுவதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் என் அக்கா மகனுக்கு விரைப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியபோது கூடவே இருந்தவன் நான். அந்த வார்டில் யாரும் எதையும் அணுகவில்லை. “நரம்பு கிடைக்க மாட்டேங்குது, கையை இறுக்கி மூடுங்க” என்றுதான் நர்ஸ் சொன்னார்.

அப்படியானால் ‘நரம்பு’ என்றே வைக்கலாமே என்று காங்கேயத்து நண்பர் கேட்கிறார். வேறு இடத்தில் சரி, இங்கே ஆகாது. இந்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து கைகால் விரல்களை மரத்துப்போக வைக்கும். அது உண்மையான நரம்புப் பாதிப்பு. மருந்து ஏறிய இடத்தில் ரத்தக்குழாய் கயிறு மாதிரி தடித்து வலிப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் நோயாளி எதைச் சொல்கிறார் என்று டாக்டருக்கே குழம்பும்.

என் யோசனை ‘சிரைமடை’. மடை என்றால் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் பாத்திக்குத் தண்ணீர் பாயும். நாலு கொத்து மண் போட்டால் அடைபடும். எங்கள் ஈரோட்டுப் பக்கத்துக் காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் கட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘மடை திறந்த வெள்ளம்’ நினைவுக்கு வருமே என்றார் ஒருவர். எனக்கென்னவோ ராத்திரியில் டார்ச்சோடு மடை மாற்றப் போகும் ஆள்தான் நினைவுக்கு வருகிறார்.

இதிலேயே வகை பிரிக்கலாம். முன்கையில் குத்தும் சிறு குழாயான கேனுலா (வார்டில் வென்ஃப்ளான் என்பார்கள்) கைமடை. மேற்கையில் நுழைந்து இதயத்துக்குப் பக்கத்தில் முடியும் பிக் (PICC) என்ற நீளக் குழாய் நெடுமடை. மார்புத் தோலுக்கடியில் வைக்கும், ஊசி குத்தி மருந்து ஏற்றும் சிறு கிண்ணம் போன்ற போர்ட் புதைமடை. இந்தப் பிரிவு வெறும் அழகுக்கு இல்லை. இந்த நோய் வருவது பெரும்பாலும் இளைஞர்களுக்கு; கையில் நல்ல சிரை இருக்கும். மருந்து 21 நாளுக்கு ஒரு சுற்று, வழக்கமாக 3 அல்லது 4 சுற்றோடு முடிந்துவிடும். ரத்தம் உறையும் ஆபத்தை சிஸ்பிளாட்டினே கூட்டும். நெடுமடையும் புதைமடையும் அதை இன்னும் ஏற்றிவிடும். அதனால் கைமடை தாக்குப்பிடிக்கும் என்றால் அதையே முதலில் பார்ப்பது நல்லது. எல்லாவற்றையும் ‘அணுகல்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் நோயாளிக்கு இப்படியொரு தேர்வு இருப்பதே தெரியாது.

‘நெடுமடை’தான் எனக்கே உறுத்துகிறது. மடை என்பது ஓர் இடம், பிக்கோ நீளக் குழாய். வாய்க்காலில் இருக்கும் ‘கால்’ சேர்த்து ‘சிரைக்கால்’ என்று எழுதிப் பார்த்தேன். “ஏன் மாமா, கால்லயா குத்துவாங்க?” என்று கேட்டான் அக்கா மகன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.