ஜெல்லின் கீழ்ப்பாதி இருட்டு, சிறிய டி.என்.ஏ. பட்டைகளைக் காணவில்லை

முதுகலை மாணவி:
டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரிக்க 2 சதவீத அகரோஸ் ஜெல். டி.என்.ஏ.யை ஒளிரவைக்கும் எத்திடியம் புரோமைடு சாயத்தை ஜெல்லிலேயே கலந்து ஊற்றி, 100 வோல்ட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். 500 கார இணைக்கு (டி.என்.ஏ.யின் நீள அலகு) மேற்பட்ட பட்டைகள் பளிச்சென்று தெரிகின்றன. எனக்கு வேண்டிய 150 இணைத் துண்டு மட்டும் இல்லை. துண்டைப் பெருக்கும் பிசிஆர் வினையே தோற்றுவிட்டதா?

ஆய்வக உதவியாளர்:
லேடரில், அதாவது பக்கத்தில் ஓட்டிய நீளம் தெரிந்த துண்டுகளில், 100, 200 தெரிகின்றனவா? ஓட்டத்தைக் காட்ட மாதிரியில் கலந்த நீலச் சாயம் எங்கே நிற்கிறது?

முதுகலை மாணவி:
லேடரிலும் அவை இல்லை, அண்ணா. நீலம் ஓரத்துக்கு இரண்டு விரற்கடை முன்னால் நிற்கிறது. மேற்பாதியின் பின்னணி ஆரஞ்சாக ஒளிர்கிறது, கீழே கன்னங்கரேல்.

ஆய்வக உதவியாளர்:
லேடரிலேயே இல்லையென்றால் பிசிஆர் மீது பழி போட முடியாது. துண்டுகள் ஜெல்லை விட்டு ஓடிவிடவும் இல்லை. 2 சதவீத ஜெல்லில் அந்த நீலச் சாயம், புரோமோபீனால் நீலம், ஏறத்தாழ 150 இணைத் துண்டோடு சேர்ந்துதான் நகரும். ஓடிப்போனது எத்திடியம். டி.என்.ஏ.யின் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஆகவே அது நேர்மின்முனைக்குப் போகிறது. எத்திடியம் நேர் அயனி; எதிர்த்திசையில், மாதிரியை இட்ட கிணறுகளின் (குழிகளின்) பக்கமாக ஏறிவிடுகிறது. அந்த ஆரஞ்சு ஒளி அதுதான்.

முதுகலை மாணவி:
டி.என்.ஏ.யோடு ஒட்டிய சாயம் கூடவே கீழே வராதா?

ஆய்வக உதவியாளர்:
வரும், ஆனால் நிலையாக ஒட்டிக்கொண்டிருக்காது. விடுவதும் பிடிப்பதுமாக இருக்கும். சுற்றிலும் சாயமே இல்லாத இடத்தில் விட்டது திரும்ப வராது. குட்டித் துண்டுகள்தான் வேகமாக அந்த இடத்துக்குள் போய்ச் சேருகின்றன.

அதே ஜெல்லை எறியாதீர்கள். மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் எத்திடியம் கலந்த பஃபர் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். கையுறை கட்டாயம், கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

முனைவர் பட்ட மாணவர்:
இன்னொன்று. நீலச் சாயமே 150 இணைப் பட்டையின் ஒளியை மறைக்கும். அடுத்த முறை ஆரஞ்சு ஜி சாயம் போடுங்கள். அது இன்னும் முன்னால் ஓடிவிடும்.

முதுகலை மாணவி:
ஊறவைத்ததும் லேடரின் 200, 100 இரண்டும் வந்துவிட்டன. என்னுடையதும் மங்கலாகத் தெரிகிறது! இனி 50 வோல்ட்டில் ஓட்டினால் சாயம் தங்குமா?

ஆய்வக உதவியாளர்:
தங்காது. மின்புலம் பாதியானால் இரண்டின் வேகமும் பாதியாகும். டி.என்.ஏ. அதே தூரம் போவதற்குள் எத்திடியமும் அதே தூரம் பின்வாங்கியிருக்கும். நேரம்தான் இரட்டிப்பாகும், அதற்குள் சிறிய பட்டைகள் பரவி மேலும் மங்கும். சாயமில்லாமல் ஓட்டுங்கள், முடிந்தபின் ஊறவையுங்கள்.