சுண்டெலிக்கு 22 டிகிரி சொகுசா?

ஈசூன் குடிமகன்:
நண்பர் ஒருவர் பகிர்ந்த படத்தில், ஆய்வுக்கூட எலிகள் வரிசை வரிசையான கூண்டுகளில் இரவும் பகலும் 22 டிகிரி குளிரூட்டலில் இருப்பதைப் பார்த்தேன். என் தாயாரோ மூவறை வீட்டில் மின்விசிறியை மட்டும் நம்பி மதியத்தைக் கழிக்கிறார். மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குளிர்சாதனப் பொத்தானைத் தொடாத குடும்பங்கள் உள்ள இந்தச் சிங்கப்பூரில், எலிக்கு இவ்வளவு சொகுசு தேவைதானா?

கூண்டுக்காரர்:
சொகுசு என்ற சொல்லைப் படித்ததும் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பதினேழு ஆண்டுகள் சுண்டெலிக் கூடத்தில் கூண்டு மாற்றியவன் சொல்கிறேன், கேளுங்கள். வளர்ந்த சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம். அவ்வளவு சிறிய உடலில் எடையைவிடத் தோலின் பரப்பே மேலோங்கி நிற்பதால், உள்ளே உண்டாகும் சூடு உடனுக்குடன் வெளியேறிவிடும். கூடுதல் ஆற்றல் செலவிடாமல் அது தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்வது ஏறக்குறைய 30 டிகிரியில்தான். 22 அதற்குக் குளிர். உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பை ஓயாமல் எரித்தும், வேண்டியதற்கு மேல் தின்றும், ஒன்றன்மேல் ஒன்று குவிந்து படுத்தும் காலம் தள்ளுகிறது. உங்கள் தாயார் வியர்வையைத் துடைக்கிற அந்த அறையில்தான் சுண்டெலி நிம்மதியாகத் தூங்கும்.

ஆய்வு மாணவி:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 22 குளிர் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆய்வு விலங்குப் பராமரிப்புக்கான அமெரிக்க வழிகாட்டி நூலின் 2011-ஆம் ஆண்டு எட்டாம் பதிப்பு, சுண்டெலிக்கு 20 முதல் 26 டிகிரி வரை பரிந்துரைக்கிறது. என்னிடம் உள்ள பிளாக் சிக்ஸ் என்னும் கறுப்புச் சுண்டெலி வகையின் இணைகள் 22-இல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஈனுகின்றன. ஈன்ற மறுநாளுக்குள் மீண்டும் சினையாகிவிடுகின்றன. குளிரில் துன்பப்படும் உயிர் இப்படிப் பெருகுமா?

கூண்டுக்காரர்:
ஈன்ற 24 மணி நேரத்துக்குள் மீண்டும் இணை சேர்வது சுண்டெலியின் பிறவிக் குணம், தங்கையே. அது 22-க்குக் கிடைத்த நற்சான்றிதழ் அன்று. பிறந்த குட்டி ஒன்றரை கிராம்கூட இராது, உடம்பில் உரோமம் இராது, கண் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். தாய் தண்ணீர் குடிக்கப் போகிற நேரத்தில் அந்தக் குட்டிகளைக் காப்பது கூடு ஒன்றுதான். கூண்டில் போடும் பஞ்சுச் சதுரத்தை அவள் கிழித்துக் கிழித்துக் கூரை வைத்த கூடாகக் கட்டுவது அழகுக்காக என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் காட்டுகிற அதே நூல், குளிரால் அவதிப்படாதிருக்கக் கூடு கட்டும் பொருளைக் கொடுக்கும்படியும் கூறுகிறது. 20 முதல் 26 என்ற எண்கள் மட்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. 26-க்கு இடமிருந்தும் நான் வேலை செய்த அறைகள் 22-இலேயே நின்றதற்குக் காரணம், மேலங்கியும் முகக்கவசமும் இரட்டைக் கையுறையும் அணிந்த மனிதன் வியர்க்கக் கூடாது என்பதே.

குளிர்சாதனப் பொறியாளர்:
எந்த 22-ஐப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே. சுவரிலுள்ள உணர்கருவி காட்டுவதா, கூண்டுக்குள் இருப்பதா, கூட்டுக்குள் இருப்பதா? ஐந்து சுண்டெலிகள் அடைந்த கூண்டு அறையைவிடச் சற்றுச் சூடாக இருக்கும். ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனியாகக் காற்றைச் செலுத்தும் அடுக்குகளில் அந்தக் காற்றே குளிரைக் கூட்டும். மூன்றும் மூன்று எண்கள்.

கூண்டுக்காரர்:
பொறியாளர் தம்பிக்கு எதிலும் மூன்று எண்கள் வேண்டும். 22 என்றால் 22. அந்த அறையில் கம்பளிச் சட்டை போட்டு நின்றவன் நான்.

தெம்பனிஸ் தமிழாசான்:
முதல் பதிவிலேயே பிழை இருக்கிறது. எலி வேறு, சுண்டெலி வேறு. தேக்கா வடிகாலில் ஓடுவது எலி. படத்தில் உள்ளது சுண்டெலி. ‘டிகிரி’ என்பதற்குப் ‘பாகை’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருந்தும் ஒருவரும் அதை எடுத்தாளவில்லை.

ஈசூன் குடிமகன்:
மைனா பற்றிய விவாதத்திலும் இவர் இப்படித்தான் பறவையை விட்டுவிட்டுச் சந்திப்பிழையைத் துரத்தினார். என் கேள்வி மின்கட்டணத்தைப் பற்றியது. அதோடு, படத்தில் ஒரு சுண்டெலிக்கு மூக்கைச் சுற்றி மீசையே இல்லை. அது குளிரில் உதிர்ந்ததா?

ஆய்வு மாணவி:
இல்லை. பிளாக் சிக்ஸ் வகையில் கூண்டுத் தோழி ஒருத்தி மற்றவளின் மீசையையும் முகத்து உரோமத்தையும் பிடுங்கிவிடுவது வழக்கம். இதற்கும் 22-க்கும் தொடர்பில்லை என்பதைக் கூண்டுக்காரர் ஐயாவும் ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன்.

கூண்டுக்காரர்:
மீசையைப் பிடுங்குவது தோழி என்பதை நான் மறுக்கவில்லை. உரோமம் போனவளுக்கு 22 இன்னும் அதிகமாகக் குளிரும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013-இல் அமெரிக்காவின் பஃபலோ நகர ஆய்வாளர்கள் புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளை வழக்கமான அறையிலும் 30 டிகிரி அறையிலும் வைத்து ஒப்பிட்டபோது, சூடான அறையில் கட்டிகள் மெதுவாக வளர்ந்தன. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே நன்றாக வேலை செய்தன. 22-இல் நடுங்கும் உயிரில் மருந்தைச் சோதித்துவிட்டு மனிதனுக்கு எழுதிக் கொடுக்கிறோம். 1921-இல் லிட்டில் என்ற அமெரிக்க மரபியலாளர், அபி லாத்ரப் அம்மையாரின் வளர்ப்புச் சுண்டெலிகளிலிருந்து இந்தக் கறுப்பு வகையை உருவாக்கத் தொடங்கிய கதை எனக்கு மனப்பாடம். அண்ணனும் தங்கையுமாக இருபது தலைமுறை சேர்த்துப் பிறந்த பிளாக் சிக்ஸ் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் 22 குளிர்தான்.

ஆய்வு மாணவி:
எங்கே இருந்தாலும் ஒன்றா? ‘ஜே’ (J) வகையா, ‘என்’ (N) வகையா? 1951-இல் பிரிந்து போன இரண்டு கிளைகள் அவை. ஜே வகையில் என்என்டி (Nnt) என்ற மரபணு பழுதாகியிருப்பதால், அது சர்க்கரையைக் கையாளும் விதமே மாறிவிடுகிறது. வளர்சிதை மாற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர் எந்த வகை என்று குறிப்பிடாதது வியப்பளிக்கிறது. அறையை 30-க்கு உயர்த்தினால், இத்தனை ஆண்டுகளாக 22-ஐ ஒட்டிச் சேர்ந்த முடிவுகளை எதனோடு ஒப்பிடுவது? படுக்கைத் தூளில் சிறுநீர் அழுகி எழும் அமோனியா நெடியை யார் தாங்குவது? சுண்டெலியும் பகலில் தூங்கத்தான் சூட்டை நாடுகிறது. இரவில் ஓடியாடும்போது அதைவிடக் குளிர்ந்த இடத்துக்குப் போகிறது.

கூண்டுக்காரர்:
குளிர்ந்த இடம் என்று எழுதினீர்களே, அது 22 என்று எழுதினீர்களா? இல்லை. அமோனியாவைத் தாங்கியவன் நான். நீங்கள் வருவதற்கு முன்பே கூண்டு மாற்றப்பட்டிருக்கும்.

ஆய்வு மாணவி:
என் கூண்டுகளை நானே மாற்றுகிறேன், ஐயா. ஞாயிற்றுக்கிழமையிலும்.

குளிர்சாதனப் பொறியாளர்:
கூண்டுக்குள் வெப்பமானி வைத்து அளந்தவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

தெம்பனிஸ் தமிழாசான்:
‘வெப்பமானி’ என்று எழுதியதற்கு நன்றி. ‘டிகிரி’ அப்படியே நிற்கிறது.

கூண்டுக்காரர்:
பாகை என்று சொன்னாலும் 22 குளிர்தான், ஆசிரியரே. ஈசூன்காரரே, அந்தப் படத்தை மீண்டும் போடுங்கள். கூண்டில் பஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈசூன் குடிமகன்:
படத்தை நீக்கிவிட்டேன். இம்மாத மின்கட்டண ரசீது வேண்டுமானால் போடுகிறேன்.