கொலோனோஸ்கோபி கடிதத்தில் வரும் "பி.எஸ்.ஜி. வழிகாட்டுதல்": இது யாருடைய உத்தரவு?

கரவெட்டியான்:
பிரிட்டனில் இருக்கும் நம் பெரியவர்களுக்கு வரும் ஆஸ்பத்திரிக் கடிதங்களைத் தமிழில் விளக்கிச் சொல்கிறவர்களுக்கு இந்த வரி பழக்கமாகியிருக்கும்: "பி.எஸ்.ஜி. வழிகாட்டுதலின்படி மறுபரிசோதனை தேவையில்லை." கொலோனோஸ்கோபியில், அதாவது பெருங்குடலைக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில், பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு கட்டி) எடுத்தவர்களை முன்பு 5 வருடத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். இப்போது அதை ரத்துசெய்து கடிதம் வருகிறது. அரசாங்கம் காசை மிச்சம் பிடிக்கிறது என்று வீட்டார் பயப்படுகிறார்கள். பி.எஸ்.ஜி. அரசாங்க அமைப்பா? அங்கே முறையிடலாமா? முடிவு சரிதானா என்று கடிதத்தில் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

குடல்நோக்கி:
அரசாங்கம் இல்லை. பி.எஸ்.ஜி., அதாவது பிரிட்டிஷ் சொசைட்டி ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி, என்பது 1937-இல் ஆர்தர் ஹர்ஸ்ட் தொடங்கிய மருத்துவர் கழகம். இன்று அது பதிவுபெற்ற அறக்கட்டளை. குடல், கல்லீரல் மருத்துவர்களோடு நர்ஸ்களும் பயிற்சியில் இருப்பவர்களும் அதில் உறுப்பினர்கள். 1960 முதல் வரும் 'கட்' என்ற ஆய்விதழ் இவர்களுடையது.

டாக்டரின் உரிமம் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் கையில். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியைச் சோதிப்பது கேர் குவாலிட்டி கமிஷன். உடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி யூனிட்டுக்குத் தர அங்கீகாரம் தருவது ஜாக் என்ற தனிக்குழு. பி.எஸ்.ஜி.யிடம் இந்த அதிகாரம் எதுவும் கிடையாது, தனிநபர் முறைப்பாட்டை அங்கே அனுப்பிப் பயனில்லை. முதலில் அந்த ஆஸ்பத்திரியின் பால்ஸ் (நோயாளிகளின் குறைகளைக் கேட்டு உதவும்) அலுவலகத்துக்குப் போங்கள்.

ஆனாலும் அதன் சொல்லுக்குப் பலம் உண்டு. ஒரு டாக்டர் வழிகாட்டுதலை விட்டு விலகலாம், அதற்கான காரணத்தை நோயாளியின் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். அதனால் "என் விஷயத்தில் வழிகாட்டுதல் எப்படிப் பொருந்துகிறது?" என்று கேட்பதுதான் நல்ல கேள்வி. அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

5 வருடக் கணக்கு 2002-இல் வந்த பழைய வழிகாட்டுதலில் இருந்தது. 2020-இல் பெருங்குடல் அறுவை மருத்துவர் சங்கத்தோடும் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து புதிதாக எழுதினார்கள். ஆபத்துக் குறிகள் இல்லாதவர்களுக்குப் பாலிப் எடுத்தபின் புற்றுநோய் வரும் வாய்ப்பு பொதுமக்களுடையதைவிட அதிகமில்லை என்று தெரிந்ததால்தான் மாற்றினார்கள். ஒவ்வொரு கொலோனோஸ்கோபியிலும் குடல் ஓட்டை விழவும் இரத்தம் கசியவும் சிறு வாய்ப்பு இருக்கிறது. தேவையில்லாமல் செய்வதும் தீங்குதான்.

கரவெட்டியான்:
நன்றி. ஒரு உதாரணம்: ஒரே ஒரு பாலிப், 12 மி.மீ., அடினோமா (புற்றாக மாறக்கூடிய ஒரு வகை). இதற்கும் "தேவையில்லை" என்றே எழுதியிருக்கிறது. பெரிய பாலிப்தானே?

எண்டோ_தாதி:
தடுமாற வைக்கும் இடம் இதுதான். பொதுவாக இரண்டு வழிகளில்தான் 3 வருட மறுபரிசோதனை வரும்:

புற்றாக மாறக்கூடிய பாலிப் மொத்தம் 5 அல்லது அதற்கு மேல்; அல்லது 2 அல்லது அதற்கு மேல் இருந்து, அதில் ஒன்றாவது 'முன்னேறியது' (10 மி.மீ. அல்லது பெரியது, அல்லது அடினோமாவில் தீவிர டிஸ்பிளேசியா, அதாவது செல்கள் புற்றை நோக்கி மாறுவது, அல்லது செரேட்டட் (ரம்பப்பல் போன்ற அமைப்புள்ள) வகையில் ஏதாவது டிஸ்பிளேசியா).

12 மி.மீ. அடினோமா முன்னேறியதுதான், ஆனால் எண்ணிக்கை ஒன்று. ஆகவே கடிதம் சரி. அதோடு 4 மி.மீ. அடினோமா ஒன்று இருந்திருந்தால் 3 வருடம். 5 மி.மீ. அளவில் சாதாரண அடினோமா நான்கு இருந்தால் வேண்டாம், ஐந்து இருந்தால் வேண்டும். மலக்குடலில் 5 மி.மீ.க்குள் இருக்கும் ஹைப்பர்பிளாஸ்டிக் (பொதுவாகப் புற்றாக மாறாத வகை) பாலிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை பாலிப் என்று மட்டும் பார்த்துச் சண்டைபோடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். வகை என்ன என்பது லேப் அறிக்கை வந்தபின்தான் தெரியும், பரிசோதனை அன்றே கையில் தரும் தாளில் அது இருக்காது.

20 மி.மீ. அல்லது அதற்கு மேல், காம்பில்லாத பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் கணக்கே வேறு: 2 முதல் 6 மாதத்தில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், 18-ஆம் மாதம் மறுபடியும். அப்படி இருந்தும் "தேவையில்லை" என்று வந்தால் உடனே போன் செய்யுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் குடல் சுத்தமாக இருந்து, முழுதும் பார்த்திருந்தால் மட்டுமே செல்லும். அறிக்கையில் "சீகம் (பெருங்குடலின் தொடக்கப் பகுதி) வரை சென்றது" என்ற வரியும் குடல் சுத்தம் பற்றிய குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். சுத்தம் போதவில்லை என்றிருந்தால் அதுவே திரும்பச் செய்யக் கேட்க நியாயமான காரணம். 2016-இல் பி.எஸ்.ஜி.யும் ஜாக்கும் சேர்ந்து வைத்த அளவுகோல்படி ஒவ்வொரு எண்டோஸ்கோபி மருத்துவரும் குறைந்தது 90% பேரில் சீகத்தை எட்ட வேண்டும். கருவியை வெளியே இழுத்துக்கொண்டே சுவரைப் பார்க்கும் நேரம் சராசரி 6 நிமிடத்துக்குக் குறையக்கூடாது.

மருந்துப்பெட்டி:
மேலே சொன்னதோடு இரண்டு விஷயம்.

"தேவையில்லை" என்றால் கவனிப்பே நின்றது என்று அர்த்தமில்லை, தபாலில் வரும் மலப் பரிசோதனைக் குப்பியை, அதாவது ஃபிட் கிட்டை, தவறாமல் அனுப்ப வேண்டும். ஸ்கிரீனிங்கில் (அறிகுறி இல்லாதவர்களுக்கும் செய்யும் பொதுப் பரிசோதனையில்) வரும் ஃபிட்டின் வெட்டுப்புள்ளி, அதாவது மேலும் சோதிக்கச் சொல்லும் இரத்த அளவு, உயரமானது. மலத்தில் இரத்தம், எடை இழப்பு, மாறிய மலப்பழக்கம் போன்ற அறிகுறி உள்ளவர்களுக்கு 2022 வழிகாட்டுதல் சொல்வது கிராமுக்கு 10 மைக்ரோகிராம். "ஸ்கிரீனிங் ரிசல்ட் நார்மல்" என்ற கடிதத்தை நம்பி அறிகுறியோடு வீட்டில் இருக்கவேண்டாம், ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டரிடம்) தனி ஃபிட் கேளுங்கள்.

அடுத்தது இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து. பி.எஸ்.ஜி. இதற்கு ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தோடு சேர்ந்து 2021-இல் புதுப்பித்த வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. பார்த்து, சிறு திசு எடுப்பது மட்டும் என்றால் வார்ஃபரினை நிறுத்துவதில்லை, முந்தைய வாரம் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்ப்பார்கள். பாலிப் எடுப்பதாக இருந்தால் 5 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். அபிக்ஸபான் போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. இதய வால்வு மாற்றியவர், ஸ்டென்ட் வைத்தவர் இந்த எண்ணைப் பார்த்துத் தானாக நிறுத்தவே கூடாது. முன்பதிவுக் கடிதம் கிடைத்த அன்றே யூனிட்டுக்குப் போன் செய்து மருந்துப் பெயர்களை வாசித்துச் சொல்லுங்கள். முந்தின நாள் சொன்னால் பரிசோதனையையே தள்ளிவைக்க வேண்டிவரும்.

குடல்நோக்கி:
ஒன்று விட்டுவிட்டேன். வயது 75ஐத் தாண்டினால் பொதுவாக இந்த மறுபரிசோதனையைப் பரிந்துரைப்பதில்லை. லின்ச் சிண்ட்ரோம் (குடல் புற்று வரும் வாய்ப்பைப் பரம்பரையாகக் கூட்டும் நிலை) உள்ள குடும்பங்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது: அவர்களுக்குத் தனி வழிகாட்டுதல், 2 வருடத்துக்கு ஒருமுறை. குடும்பத்தில் இளவயதில் குடல் புற்று வந்தவர் இருந்தால், அதைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதி ஜி.பி.யிடம் கொடுக்கச் சொல்லுங்கள்: உறவு என்ன, எந்த வயதில் வந்தது.