கலைச்சொல் தேவை: பல விரல் தொடும் மேசைக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒரு மேசை செய்திருக்கிறார்கள். மேலே கனமான அக்ரிலிக் பலகை, அதன் ஓரத்தைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள், அடியில் ஒரு வெப்கேமும் புரொஜெக்டரும். பலகைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒளி, விரல் பட்ட இடத்தில் மட்டும் சிதறிக் கீழே இறங்கும். கேமரா அதைப் பிடித்துக் கணினிக்குச் சொல்லும். அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப் ஹான் 2005இல் காட்டிய முறைதான். மேசையில் பழைய தோட்டத்தின் வரைபடம் விரியும். லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பெரட்டுக்களம் (காலையில் பேர் கூப்பிடும் இடம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கோயில் என்று எதைத் தொட்டாலும் படமும் குரலும் வரும். நாலு பக்கமும் நின்று எல்லாரும் ஒரே நேரத்தில் தொடலாம்.

விளக்கப் பலகை வியாழக்கிழமை ஈப்போ அச்சகத்துக்குப் போக வேண்டும். தலைப்பே முடிவாகவில்லை. 'மேசைக்கணினி' என்று எழுதினேன். "டீச்சர், அது கம்ப்யூட்டர் லேப்ல இருக்கிறதாச்சே" என்றான் ஒரு பையன். சரிதானே. 'தொடுதிரை' என்றால் கைப்பேசிதான் ஞாபகம் வருகிறது. ஒரு நல்ல சொல் தாருங்கள். இதை மக்கள் எப்படிப் புழங்குவார்கள் என்று பார்த்து வடிவமைக்கிறோமே, அந்த வேலைக்கும் ஒரு சொல் வேண்டும்.

– ஆசிரியை, சுங்கை சிப்புட்

*

டீச்சருக்கு வாழ்த்து. சொல் நம்மிடமே இருக்கிறது: பஃறொடு மேசை.

பல் + தொடை = பஃறொடை. ஐந்தடி முதல் பன்னிரண்டடி வரை வரும் வெண்பாவுக்கு அதுதானே பெயர்! பல் + துளி = பஃறுளி. புறநானூற்றில் ஓடுகிற ஆறு. அதே வழியில் பல் + தொடு = பஃறொடு. 'பல்தொடு' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். பல்லைத் தொடு என்று பொருள்பட்டுவிடும்.

தொடு என்பதற்குத் தோண்டு என்றும் பொருள் உண்டு. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்கிறாரே வள்ளுவர். பூத்தொடுப்பதும் அம்பு தொடுப்பதும் இந்தச் சொல்தான். தோட்டத்தின் பழங்கதையைத் தொட்டு, தோண்டி, தொடுக்கிற மேசைக்கு இதைவிடப் பொருத்தம் எது?

– தைப்பிங், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, மன்னிக்க வேண்டும். குறிலுக்குப் பின் வரும் லகரம் ஆய்தம் ஆகவும் செய்யும் என்கிறதே தவிர, ஆகியே தீரும் என்று நன்னூல் சொல்லவில்லை. இன்னொரு வடிவம் றகரம். அப்படிப் போனால் 'பற்றொடு மேசை'. ஆசையோடு இருக்கும் மேசை ஆகிவிடும். பல்தொழில்நுட்பக் கல்லூரி என்று சேர்க்காமலே எழுதிப் பழகிவிட்டோம். பல்கலைக்கழகத்தை யாரும் பல் மருத்துவமனை என்று நினைப்பதில்லை.

'பரப்புக் கணினி' என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2007இல் 30 அங்குலத் திரையும் ஐந்து கேமராக்களும் கொண்ட மேசையை சர்ஃபேஸ் (பரப்பு) என்ற பெயரில்தான் அறிவித்தது. 2012இல் அந்தப் பெயரைக் கையில் பிடிக்கும் கணினிக்குக் கொடுத்துவிட்டு, மேசையை பிக்சல்சென்ஸ் ஆக்கியது. பெயர் வைத்தவர்களே கைவிட்டதை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

எனக்கு வேறொரு கேள்வி. 'பல' என்று எதை எண்ணுகிறோம், விரலையா, ஆளையா? டீச்சரின் கேமராவுக்கு ஒளிப்புள்ளிதான் தெரியும், யார் விரல் என்று தெரியாது. 2001இல் மிட்சுபிசி ஆய்வகம் செய்த டைமண்ட்டச் மேசையோ, தொடுகிறவரின் உடல் வழியாக நாற்காலிக்கு வரும் மின்குறிப்பை வைத்து, தொட்டவர் யார் என்றே கண்டுபிடித்தது. இரண்டும் வேறு வேறு. ஒரே சொல் போதுமா?

– பினாங்கு, மென்பொருள் வேலை

*

தம்பி சொல்வது இருக்கட்டும். மேசை என்ற சொல்லைப் பிறமொழி என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மிசை என்றால் மேல். 'மலர்மிசை ஏகினான்'. மிசை நீண்டு மேசை ஆயிற்று என்பது என் துணிபு. மேல், மேடு, மேடை எல்லாம் ஒரே குடும்பம்.

– தைப்பிங்

*

ஐயா, உங்களிடம் படித்த மாணவியாகவே சொல்கிறேன், மேசை போர்த்துகீசியச் சொல். அலமாரி, சன்னல், சாவி வந்த அதே கப்பலில் வந்தது. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் மலாய்க்காரர்களுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள், அவர்கள் மேஜா என்கிறார்கள். வந்த சொல்லாகவே இருக்கட்டுமே, நம் வீட்டில்தானே இருக்கிறது.

– கோலாலம்பூர், மொழிபெயர்ப்பாளர்

*

நேற்று மாலை தோட்டத்துப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டி வந்து மேசையைக் காட்டினோம். நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்கு உதவும்.

முதலில் ஒரு பாட்டி தொட்டார். மேசை அசையவே இல்லை. ரப்பர் பால் வெட்டி, செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிக் காய்ந்த விரல். இந்த முறையில் விரலில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் பலகையோடு ஒட்டி ஒளி நன்றாகச் சிதறும். பாட்டி தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. யாருடைய கதைக்காக மேசை செய்தோமோ, அவர் விரல்தான் அதற்குத் தெரியவில்லை. பிள்ளைகள் இப்போது மேலே மெல்லிய சிலிக்கோன் தோல் பூசப் போகிறார்கள்.

அப்புறம் ஒரு தாத்தா பேச்சு சுவாரசியத்தில் முழங்கையை ஊன்றிவிட்டார். அதையும் விரல் என்று எடுத்துக்கொண்டு வரைபடம் ஓடிவிட்டது. எதிர்ப்பக்கம் நின்றவருக்கு எழுத்தெல்லாம் தலைகீழ். "கேரம் போர்டுக்குத் தலைமாடு கால்மாடு உண்டா, இதுக்கு மட்டும் ஏன் வச்சீங்க?" என்று கேட்டார். படங்களை யார் பக்கம் இழுத்தாலும் அவரைப் பார்த்துத் திரும்பும்படி மாற்றுகிறோம்.

ஆகவே தம்பி, நான் எண்ணுவது ஆளைத்தான். ஆனால் அதைச் சொல்லுக்குள் திணிக்க முடியவில்லை. பஃறொடுவை நாலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் எழுதிக் காட்டினேன் ஐயா. ஃபேன், ஃபோன் பழக்கத்தில் எல்லாரும் 'ஃபறொடு' என்றே படித்தார்கள். பல்தொடுவை ஒரே மூச்சில் படித்துவிட்டார்கள்.

– சுங்கை சிப்புட்

*

என் வாக்கு பல்தொடு மேசைக்கு. இரண்டாவது சொல்லுக்குப் 'பயனர் அனுபவம்' ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டறிவு என்று ஐயா சொல்வதற்கு முன்பே சொல்கிறேன், அது பட்டுத் தெரிந்துகொள்வது. பாட்டி பட்டது போதும்.

– கோலாலம்பூர்

*

பல்தொடுவே இருக்கட்டும். ஆனால் டீச்சர் தன் முதல் மடலிலேயே 'புழங்குவார்கள்' என்று எழுதினாரே, 'புழக்க வடிவமைப்பு' நன்றாக இல்லையா? ரூபாய் நோட்டுப் புழக்கத்தோடு குழம்பும் என்றால் விட்டுவிடுகிறேன்.

– பினாங்கு

*

புதன் இரவு ஆகிவிட்டது. 'பல்தொடு மேசை', 'பயனர் அனுபவ வடிவமைப்பு' என்று அனுப்புகிறேன். புழக்கம் எனக்கும் பிடித்திருக்கிறது, பிள்ளைகளோடு பேசும்போது அதைத்தான் சொல்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

– சுங்கை சிப்புட்

*

பெரும்பான்மை அப்படியென்றால் சரி, அம்மா. என் வாக்கைப் பஃறொடுவுக்கே எழுதிக்கொள்ளுங்கள். பஃறொடையை ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை பஃறொடுவையும் படிக்கும். சனிக்கிழமை பேருந்து பிடித்து வருகிறேன். மேசையை நானும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

– தைப்பிங்