2026 காலண்டர்: நாளைக்குள் சொல்லவும்

குரூப்: துபாய் தமிழ் சபைக் குடும்பம்

ஜெபா அக்கா: எல்லோருக்கும் ஸ்தோத்திரம். 2026 சபைக் காலண்டர் நாளை ராத்திரி சிவகாசிக்கு அச்சுக்குப் போகிறது. பிரின்ஸ் தம்பி ஊரிலிருந்து திரும்பும்போது கையோடு கொண்டுவருவார். சாம்பல் புதன் பிப்ரவரி 18, குருத்தோலை ஞாயிறு மார்ச் 29, பெரிய வெள்ளி ஏப்ரல் 3, ஈஸ்டர் ஏப்ரல் 5, பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்) ஜூலை முதல் வாரம், அறுப்பின் பண்டிகை நவம்பர் 22. தப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள். அச்சடித்த பிறகு ஸ்டிக்கர் ஒட்ட என்னால் ஆகாது.

பிரின்ஸ்: எத்தனை காலண்டர் அக்கா

ஜெபா அக்கா: 200

பிரின்ஸ்: லக்கேஜ் 30 கிலோதான் 😐

ஜாய் மைனி: தம்பி, அதில் எனக்கு உடன்குடி கருப்பட்டி ரெண்டு கிலோ

சாம் கொயர்: தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா

ஜெபா அக்கா: தேதியைப் பாருங்கப்பா

செல்வின் அண்ணன்: ஜெபா, பிப்ரவரி 18 சரி. ஆனால் பிறை தெரிவதைப் பொறுத்து ரமலானும் அன்றைக்கோ மறுநாளோ தொடங்கும். 2025இலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மார்ச் 1 ரமலான், மார்ச் 5 சாம்பல் புதன். அதனால் சாம்பல் புதனில் தொடங்குகிற லெந்து தவக்காலக் கூட்டத்தை மாலை 6 மணிக்கு வைக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஊரே இஃப்தாருக்கு வீடு போய்ச் சேரப் பறக்கும், நம் ஆட்கள் பாதி வழியில் சிக்னலில் நிற்பார்கள். ரமலானில் வேலை நேரம் ரெண்டு மணி குறைவு. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 8 மணிக்கு நிதானமாக வரலாம். இன்னொன்று, பகல் ஆராதனை முடிந்து வாசலில் டீ கொடுப்பதை அந்த மாதம் நிறுத்த வேண்டும். நோன்பு இருக்கிற செக்யூரிட்டி முன்னால் நின்று குடிப்பது நன்றாக இல்லை.

ராஜன் பொருளாளர்: 8க்கு ஹால் மலையாளச் சபைக்கு

செல்வின் அண்ணன்: கேட்டால் மாற்றித் தருவார்கள்

ராஜன் பொருளாளர்: போன லெந்துக்கும் கேட்டோம்

சாம் கொயர்: நம்ம ஆசீர்வாதம் முடியும் முன்னே அவங்க கீபோர்டு உள்ளே வந்துடும் 😂

டேவிட் அண்ணன்: பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை எத்தனை மணிக்கு?

ஜெபா அக்கா: மாலை 5

செல்வின் அண்ணன்: மும்மணி என்றால் 12 முதல் 3 வரை. சிலுவையில் தொங்கிய நேரம் அதுதான், 5க்கு வைத்துவிட்டு அப்படிச் சொல்லக் கூடாது. 2021 வரைக்கும் நமக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வெள்ளி வார விடுமுறை. ஈஸ்டர்தான் வேலை நாள். விடியற்காலை 4 மணி ஆராதனைக்கு ஆபீஸ் சட்டையோடு வந்து, திருவிருந்து எடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினோம். 2022 ஜனவரியில் விடுமுறை சனி, ஞாயிறு ஆனதும் எல்லாம் தலைகீழ். இப்போது உயிர்த்தெழுதலுக்கு லீவு, சிலுவைக்கு அரை நாள்.

ராஜன் பொருளாளர்: அரை நாள் கவர்ன்மென்டுக்கு அண்ணே. எனக்கு 6 மணி வரை

ஜாய் மைனி: இதை எழுதுகிறவர் பக்கத்து ரூமில்தான் இருக்கிறார். தோசை ஆறுகிறது, யாராவது சொல்லுங்க

டேவிட் அண்ணன்: அத்தான் போய்ச் சாப்பிடுங்க 🙏

டேவிட் அண்ணன்: அறுப்பின் பண்டிகையை டிசம்பர் 2க்கு மாற்றலாமே. நேஷனல் டே, ரெண்டு நாள் லீவு. காணிக்கைப் பொருள் ஏலத்துக்குக் கூட்டம் வரும்

செல்வின் அண்ணன்: நவம்பர் 29 அட்வென்ட் பிறக்கிறது மச்சான், கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகிற காலம். அட்வென்ட்டுக்குள் ஆட்டுக்கறி அசன விருந்தா?

ராஜன் பொருளாளர்: ஏலம் என்றதும் ஞாபகம் வந்தது. பூசணிக்காய் 350 திர்ஹாம், பணம் இன்னும் வரவில்லை

டேவிட் அண்ணன்: கடைசியாகக் கேட்டது அத்தான்

செல்வின் அண்ணன்: நான் 340இல் நிறுத்திவிட்டேன். சாட்சி உண்டு

ராஜன் பொருளாளர்: நோட்டில் 350 இருக்கிறது, பேர் இல்லை

டேவிட் அண்ணன்: அத்தான் எதையும் கடைசி வரை விடமாட்டார். நாசரேத் வீட்டைக் கேட்டால் தெரியும்

ஜாய் மைனி: டேவிட், அதை இங்கே இழுக்காதே. அந்தப் பூசணி ரெண்டு வீட்டுக்கும் வரவில்லை. நான்தான் வெட்டி அசனச் சாம்பாரில் போட்டேன். எல்லோரும் தின்றீர்கள், எல்லோரும் கொடுங்கள்

சாம் கொயர்: 🤣🤣 நான் சாம்பார் ஊற்றவே இல்லை

*இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

ராஜன் பொருளாளர்: பார்த்துட்டேன் டேவிட் அண்ணே

செல்வின் அண்ணன்: ஜெபா, செப்டம்பர் 27 விட்டுப்போயிற்று. 1947இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் நம்ம தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) உருவான நாள். 2026இல் சரியாக ஞாயிறு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன் என்று பிரிந்திருந்த தாத்தாமார் எல்லாம் ஒரே சபையான நாள். ஆங்கிலச் சபையோடு கூட்டு ஆராதனை வைக்கலாம். அவர்கள் 1976இல் உண்டான சைப்ரஸ் வளைகுடாப் பேராயத்தில் இருக்கிறார்கள், நாம் ஊர்ப் பேராயத்துப் பிள்ளைகள். ரெண்டு பேருமே ஆங்கிலிக்கன் ஐக்கியம்தான்.

சாம் கொயர்: தமிழ்ப் பாட்டு எத்தனை?

ஜெபா அக்கா: ஒன்று தருவார்கள்

சாம் கொயர்: போன தடவை அந்த ஒன்றும் நேரமில்லை என்று போச்சு. ரெண்டு மாசம் பிராக்டிஸ்

ஜாய் மைனி: கேரல் ரவுண்ட்ஸ் போடவில்லையே? கராமா ஒரு நாள், ஷார்ஜா அல் நஹ்தா ஒரு நாள். டிரம் வேண்டாம், கிட்டார் போதும். பக்கத்து ஃப்ளாட்டில் கைக்குழந்தை

ராஜன் பொருளாளர்: டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு எல்லோரும் சீக்கிரம் கிளம்புங்க. வாணவேடிக்கைக்கு டவுன்டவுன் ரோடு சாயந்தரமே மூடிடுவான்

ஜெபா அக்கா: அதெல்லாம் டிசம்பரில் பேசலாம். அறுப்பின் பண்டிகை நவம்பர் 22ஆ, டிசம்பர் 2ஆ?

பிரின்ஸ்: 22 ஞாயிறு லேபர் கேம்ப் பையன்கள் வர முடியுமா? ஜெபல் அலி பக்கம் பாதிப் பேருக்கு வெள்ளிதான் லீவு. 2ஆம் தேதி என்றால் வருவார்கள்

ஜெபா அக்கா: அது நியாயம்

டேவிட் அண்ணன்: அசனத்துக்கு மட்டும் வருகிறார்கள் என்று போன வருஷம் ஒருத்தர் பேசினார்

ஜாய் மைனி: யார்?

டேவிட் அண்ணன்: இந்த குரூப்பில்தான் இருக்கிறார்

ஜாய் மைனி: வரட்டுமே. ஒன்பது பேர் ஒரு ரூமில் கிடந்து சமைக்கிற பிள்ளைகள், வாழை இலையில் சோறு கண்டு எத்தனை மாசமோ. பந்தி முடிந்து அண்டா கழுவினது யார்? அவங்கதான். நம்ம வீட்டு ஆம்பிளைகள் ஒருத்தரும் கை வைக்கவில்லை

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை)

போதகர் ஐயா: அன்பானவர்களே, தேதியைக் கமிட்டியில் ஜெபித்து முடிவெடுப்போம் 🙏

ஜெபா அக்கா: ஐயா, கமிட்டி அடுத்த மாசம். அச்சு நாளைக்கு

செல்வின் அண்ணன்: 22 போட்டு, கீழே மாறுதலுக்கு உட்பட்டது என்று சின்ன எழுத்தில் போடலாம். அட்வென்ட்டில் மட்டும் வேண்டாம்

டேவிட் அண்ணன்: 2தான்

ராஜன் பொருளாளர்: பையன்களுக்கு பஸ் யார் பேசுவது?

டேவிட் அண்ணன்: நான் பேசுகிறேன். வாடகையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தத் தேதிக்கு என்று மட்டும் சொல்லுங்க