சுந்தராம்பாள் நந்தனாராக நடித்ததற்கு விரதம் மட்டுமா காரணம்?

கேள்வி:

வணக்கம். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் நாடக வாழ்க்கையையும் திரை வாழ்க்கையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தகவல் திரட்டி வருகிறேன். 1933 டிசம்பர் 2ஆம் நாள் அவருடைய கணவரும் நாடக நடிகருமான எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று முதல் வெள்ளைப் புடவை உடுத்தி, இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்ட அவர், அதனாலேயே 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடம் ஏற்றார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். விரதம் ஒன்றுதான் காரணமா? புகழ்பெற்ற ஒரு நடிகை தம் முதல் படத்திலேயே ஆணாகத் தோன்றியதை அன்றைய மக்கள் எப்படி ஏற்றார்கள்?

முதல் மறுமொழி:

விரதத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. திரையில் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பாருங்கள்: 1940இல் துறவியான மணிமேகலை, 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’ படத்தின் கவுந்தியடிகள், 1973இல் வயது முதிர்ந்த காரைக்கால் அம்மையார். இல்லறத்தைத் துறந்தோ கடந்தோ நின்ற பெண்களாகவே அவர் வாழ்நாள் முழுவதும் வந்தார். தயாரிப்பாளர் அசன்தாஸ் நந்தனாருக்காக அணுகியபோது, அவர் பின்வாங்கிவிடட்டும் என்றே ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அவர் அதற்கும் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொல்வார்கள். 1935இல் ஒரு லட்சம் என்பது நாடே வாய்பிளந்த தொகை.

இரண்டாம் மறுமொழி:

மேலே எழுதிய நண்பர் சொல்வது சரிதான். ஆயினும் விரதம், எதைச் செய்யமாட்டேன் என்பதைத்தான் சொல்கிறது. நந்தனாராக நிற்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு நாடக மேடையைத்தான் பார்க்கவேண்டும். சிறுமியாகக் கம்பெனியில் சேர்ந்தபோது ‘நல்லதங்காள்’ நாடகத்தில் மூத்த மகனாக, அதாவது ஆண்பிள்ளையாகத்தான் அவர் மேடையேறினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போட்டதும், பெண்கள் ராஜபார்ட் (ஆண் கதாநாயக வேடம்) போட்டதும் அன்றைய கொட்டகைக்குப் பழகிப்போன வழக்கங்கள். ஆகவே, வேடம் போட்டவர் ஆணா பெண்ணா என்பதைவிடப் பாட்டு எப்படி என்பதையே சபை முதலில் கேட்டது. அதே படத்தில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பெரும் சங்கீத வித்துவான் ஒருவரை எதிரே நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் எதை நம்பி எடுத்தார்கள் என்பது விளங்கும்.

படம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை என்பதையும் உங்கள் கட்டுரையில் சேருங்கள். ஆனந்த விகடனில் கல்கி அதைக் கடுமையாகவே விமர்சித்தார். நாடகத்தின் நடிப்பு முறை கேமராவுக்கு முன் அப்படியே பொருந்திவிடாது என்பதை அந்தத் தலைமுறை முழுவதும் பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், அவர் அந்தப் பழைய மேடை முறையைப் பிற்காலப் படங்களில் கைவிட்டாரா?

மூன்றாம் மறுமொழி:

கைவிடவில்லை, அதற்கு ஏற்ற இடம் கிடைக்கும்வரை பொறுத்திருந்தார் என்று சொல்வேன். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஔவையாராக அவர் பாடும் ‘பழம் நீயப்பா’ பாடலைக் காதை மட்டும் கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பாட்டின் தொடக்கமே நாடகத் தமிழின் தந்தையான சங்கரதாஸ் சுவாமிகளுடையது. அதைக் கண்ணதாசன் வளர்த்தெடுக்க, கே. வி. மகாதேவன் இசையமைத்தார். ‘பழம்’ என்னும்போது அந்த ழகரத்தை அவர் அவசரமின்றி நாவில் நிறுத்தி உருட்டுவதையும், ‘ஞான’ என்ற சொல்லை மேலே ஏற்றி அங்கேயே ஒரு கணம் தாங்கி நிற்பதையும் கவனியுங்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் போய்ச் சேரவேண்டும் என்று பழகிய குரல் அது. மைக் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு மலையேறிய குழந்தை முருகனைச் சமாதானப்படுத்தும் ஒரு கிழவியின் கெஞ்சலும் அதட்டலும் அந்தக் குரலிலேயே வந்துவிடுவதால், உடல் அசைவு அதிகம் தேவைப்படவில்லை. கேமராவுக்கும் அது பொருந்திவிட்டது.

‘துணைவன்’ படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது அவருக்குக் கிடைத்தபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. 1970இல் பத்மஸ்ரீ வந்தது. சட்டமன்ற மேலவை உறுப்பினராக இருந்ததையும், காங்கிரஸ் மேடைகளில் பாடியதையும் தனிப் பகுதியாக எழுதலாம். இந்தக் கேள்விக்கு அவை தேவையில்லை.

ஒரு சிறு வேண்டுகோள். கட்டுரையில் அவரைக் கிட்டப்பாவின் விதவையாக மட்டும் காட்டிவிடாதீர்கள். இருவரும் சேர்ந்து நடித்த காலம் ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் இராது. கிட்டப்பா மறைந்த பிறகு அம்மையார் 1980 வரை வாழ்ந்து, அதில் பெரும்பகுதியும் பாடிக்கொண்டே இருந்தார்.